காலி வண்டியின் எடை

காவேரிப்பட்டணம் போகிற சாலையில்
மாங்கூழ் ஆலையின் எடைமேடையில் எனக்கு வேலை.
ஏற்றி வந்த வண்டியின் எடையில்
இறக்கிய வண்டியின் எடை போக
மிச்சம் மாங்காய்.
பதினோரு சீசனில் ஒரு கணக்கும் தப்பியதில்லை
என்னுடையதைத் தவிர.

எண்பத்தியொரு கிலோ என்றது
கிருஷ்ணகிரி பேருந்து நிலையத்து எந்திரம்.
அட்டையின் பின்பக்கம்
'பொறுமைக்குப் பலன் உண்டு.'

மறுநாளே தொடங்கினேன்.
சேலைக்குக் கீழே மகனின் பழைய ஷூ,
விடியுமுன் சையத் பாஷா மலை.
முதல் வாரம் பாதி வழியில் உட்கார்ந்து
ஆட்டுப் புழுக்கையை எண்ணினேன்.
மூன்றாம் வாரம்
உச்சிக் காற்று என் வியர்வையைத் தொட்டது.

இறங்கி வந்ததும் பசிக்கவே பசிக்காது.
வயிறு, யாரோ பேருந்தில் விட்டுப்போன பைபோல
பேசாமல் கிடக்கும்.
இட்லியைப் பார்த்தால்
எங்கோ பார்த்த முகமாய் இருக்கும்.
ஜெயித்துவிட்டேன் என்று
அரை வயிற்றோடு வேலைக்குக் கிளம்புவேன்.

பதினொன்றே காலுக்கு வரும் அது.
சத்தம் போடாது, சண்டை பிடிக்காது.
பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து
ஏறின படி ஒவ்வொன்றுக்கும் கூலி கேட்கும்,
இறங்கின படிக்கும் சேர்த்து.
ரெண்டு போண்டா கொடுத்தேன்.
பிறகு, 'அவ்வளவு தூரம் ஏறினோமே' என்று
இன்னொன்று.

அந்த மூன்றாவதைத் தின்றது பசியல்ல,
பெருமை.

மாதம் முடிந்து எந்திரத்தில் ஏறினேன்.
எண்பத்திரண்டு.
'எதிர்பாராத வரவு வந்து சேரும்.'

திம்மக்காவிடம் சொன்னேன்.
கிரேடு சுமக்கிறவள், என் வயசுதான்.
காலை ஏழிலிருந்து லாரிக்கும் தொட்டிக்கும்
எத்தனை மலை ஏறியிருப்பாள், யார் எண்ணினார்கள்.
சிரித்துச் சிரித்து முந்தானையால் கண்ணைத் துடைத்தாள்.
"நடந்தா இளைக்கும்னு உனக்கு எவன் சொன்னான்?
எனக்கு ரத்தமே இல்லியாம், எடை ஏத்திட்டு வான்னு
நர்சம்மா திட்டி அனுப்புது.
ரெண்டு களி உருண்டை திங்கறேன்,
எங்கே போவுதுன்னே தெரியல."
சீசன் முடிந்து சும்மா இருக்கிற மாதங்களில்
பசியும் வராதாம் அவளுக்கு,
ஒரு உருண்டையே மிஞ்சுமாம்.
அதை நல்ல செய்தி மாதிரி சொன்னாள்.

அன்று இரவு ஷிப்டில்
இரண்டு லாரிக்கு நடுவே கிடைத்த பத்து நிமிடம்.
"ஏறு, பாக்கலாம்" என்றேன்.
பெங்களூரா மாங்காய்ப் பால் காய்ந்த கைகளோடு
மேடை நடுவே அவள் நின்றாள்,
போட்டோவுக்கு நிற்பதுபோல.
ஐம்பது.
"அய்யோ, ஏறிட்டேன்டி!"
பிறகு அவளைத் திரை முன்னால் நிறுத்திவிட்டு
நான் ஏறினேன்.
எண்பது.

டன் டன்னாய்ப் பார்த்த எந்திரம்,
பத்து கிலோவுக்குக் கீழே அதற்குக் கண் தெரியாது.
எனக்கு ரெண்டு தள்ளுபடி செய்து
அவளுக்கு நாலு அள்ளிப் போட்டிருக்கிறது.
அரசாங்க முத்திரை குத்தின எந்திரம்.
அவளிடம் நான் அதைச் சொல்லவில்லை.

இப்போது பதினொன்றே காலுக்கு
கொள்ளுச் சுண்டல் கொண்டுபோகிறேன்.
பாதி அவளுக்கு என்று சொல்வேன்,
சில நாள் கால்தான் மிஞ்சும்.
எடை எண்பத்தியொன்றில் நிற்கிறது,
டோல்கேட்டில் நிற்கிற வண்டிபோல
முன்னும் போகாமல் பின்னும் வராமல்.
ஆனால் நடுவில் எங்கும் உட்காருவதில்லை.
ஆடுகள் என்னைக் கண்டு எழுந்திருப்பதில்லை.

மேலிருந்து பார்த்தால்
பெங்களூர் சாலையில் லாரிகள் வரிசையாய்ப் போகும்.
எது சுமையோடு போகிறது, எது காலி என்று
தொழில் தெரிந்த எனக்கே
இங்கிருந்து சொல்ல முடியவில்லை.

மணி ஆறே முக்கால்.
பசி இன்னும் கிளம்பவில்லை.