ஐந்தே முக்கால் மைல்

முதல் முறை அந்த வீட்டுக்குப் போனபோது
எனக்குப் பணியில் பதினோரு மாதம்.
ஃபிரேசர்பர்க். பிப்ரவரி.
ஆலங்கட்டியைக் கைநிறைய அள்ளி
முகத்தில் எறிகிற கடற்காற்று.
கதவைத் திறந்தவன் ரூரி பக்கன்.
தேநீர் குடிக்கிறீர்களா என்றான்.

இஷ்பல் சோபா நுனியில் இருந்தாள்,
பேருந்து வந்துவிடும் என்பதுபோல.
அடித்தானா?
இல்லை.
தள்ளினானா?
இல்லை.
எதையாவது உடைத்தானா?
கொஞ்சம் யோசித்தாள். இல்லை.
குறிப்பேட்டில் மூன்று சொல் எழுதினேன்:
காயம் ஏதும் இல்லை.
அவன் அதே அறையில்
சர்க்கரை கலக்கிக்கொண்டிருந்தான் என்பதை
எழுதவில்லை.

நடுவில் சட்டம் மாறியது.
அபர்டீனில் ஒரு ஹோட்டல் கூடத்தில்
எங்களுக்கு ஒருநாள் பயிற்சி.
மழைக்கு ஒதுங்கியவள்போல் கடைசி வரிசையில் நான்.
காயத்தை மட்டும் தேடாதீர்கள் என்றார் வந்தவர்,
வீட்டுக்குத் தாமதமாகப் போனால்
என்ன நடக்கும் என்று கேளுங்கள்.
காபி ஆறிப்போயிருந்தது. குறித்துக்கொண்டேன்.

மூன்றாண்டு கழித்து
பல் மருத்துவமனை வரவேற்பாளர் கூப்பிட்டாள்:
எக்ஸ்ரே எடுக்கப் பன்னிரண்டு நிமிடம் ஆகும் என்றதும்
ஒரு பெண் எழுந்து நடுங்குகிறாள்,
உங்களில் யாராவது வாருங்கள்.

கையுறைப் பெட்டிகள் அடுக்கிய பின்னறை.
பத்து நிமிடம் தாமதமானால் என்ன ஆகும், இஷ்பல்?
முதலில் சிரித்தாள்.
பிறகு, வீங்கிய தாடையோடு,
அந்தப் பன்னிரண்டு நிமிடத்தையும் பேசினாள்.

வீட்டிலிருந்து கடைக்குப் போய்த் திரும்ப
ஐந்தே முக்கால் மைல்.
கார் காட்டும் எண்ணை மாலையில் அவன் பார்ப்பான்.
ஒருநாள் சாலையில் பள்ளம் தோண்டியிருந்தார்கள்,
சுற்றி வந்தாள், ஆறரை.
அந்த முக்கால் மைலுக்கு விளக்கம் சொல்ல
விடியும்வரை சமையலறையில் நின்றாள்.
உட்கார விடவில்லை.
தொடவும் இல்லை.

ஊமைக்காயம் என்பார்களே,
தோல் காட்டிக்கொடுக்காதது.
அதை எந்தப் படிவத்தின் எந்தக் கட்டத்தில் எழுத?

எங்கள் நாட்டு வழக்குக்கு ஒரு வாய் போதாது.
சொன்னதைத் தாங்க இன்னொரு சாட்சி வேண்டும்.
நான்கு சுவருக்குள் நடந்ததற்கு
சுவரையா கூண்டில் ஏற்றுவது?
காரைச் சோதித்தோம்.
இருக்கைக்கு முன்னிருந்த பெட்டியில்
நீல அட்டை நோட்டு.
தேதி, எண், வித்தியாசம்.
அவனே, அவன் கையாலேயே,
ஐந்து வருடம், கிறிஸ்துமஸ் அன்றுகூட.
ஆறரைக்குப் பக்கத்தில் சிவப்பு மையில்:
ஏன்?

பீட்டர்ஹெட் நீதிமன்றம்.
கணக்கு எழுதுவது குற்றமா என்றார் அவன் வக்கீல்.
இரண்டு பேர் சிரித்தார்கள்.
எங்கள் பக்கம் நீதிபதியை ஷெரிஃப் என்போம்;
அந்த அம்மா சிரிக்கவில்லை,
பக்கம் பக்கமாகப் புரட்டிக்கொண்டிருந்தார்.
வக்கீல் என் பக்கம் திரும்பினார்.
கான்ஸ்டபிள், இதே வீட்டுக்கு
முன்பும் போனீர்கள் அல்லவா?
அன்று எழுதியதை உரக்க வாசியுங்கள்.

வாசித்தேன்.
மூன்று சொல்தான்.
வாயிலிருந்து வெளியேற அவ்வளவு நேரம் எடுத்தன.
இஷ்பல் என்னைப் பார்க்கவில்லை,
தன் உள்ளங்கையைப் பார்த்தாள்.
மேசைமேல் இரண்டு நோட்டுகள்:
அவனுடையது அவளைக் காப்பாற்ற,
என்னுடையது அவனை.

நீல நோட்டு வென்றது, மயிரிழையில்.
தண்டனை நான் நினைத்ததில் பாதி.
ஐந்தாண்டுக்கு அவளை நெருங்கக் கூடாது.
படியிறங்கும்போது மன்னிப்புக் கேட்டேன்.
பரவாயில்லை என்று அவள் சொல்லவில்லை.
பேருந்து எத்தனை மணிக்கு என்றாள்.

இன்று வேறொரு தெரு.
சத்தம் கேட்டதாகப் பக்கத்து வீட்டார்.
கதவைத் திறந்தவன் மரியாதையானவன்,
தேநீர் தரட்டுமா என்கிறான்.
வேண்டாம், நீங்கள் வெளியே நில்லுங்கள் என்கிறேன்,
என் கூட்டாளியோடு.
ஆலங்கட்டி விழுகிறதே, மேடம்.
விழட்டும்.
கதவைச் சாத்திவிட்டு
தரையிலேயே உட்கார்கிறேன், அவள் எதிரில்.
இன்னும் ஒன்றும் கேட்கவில்லை.