குதிரைத்திரன்

மூன்று உறைகள். மூன்றிலும் அரக்கு.
ஒன்று ராமநாதபுரம், ஒன்று பரமக்குடி,
மூன்றாவது தன்னைத் தூத்துக்குடி என்று சொல்லிக்கொண்டது.
ஆனி மாதம், பிற்பகல் மூன்றரை.
மாரியூர் அரசு உப்பள அலுவலகத்தில்
கச்சான் காற்று சன்னல் கொக்கியை ஆட்டிக்கொண்டிருக்க
ஒப்பந்தப்புள்ளிகளை ஒவ்வொன்றாய்ப் பிரித்தேன்.
போட்டவர்கள் யாரும் வரவில்லை.
வராமலிருப்பது விதிமீறல் ஆகாது.

கேட்டிருந்தது
கடல்நீர் இறைக்கப் பத்துக் குதிரைத்திறன் மோட்டார்.
முதல் தாளில் ‘குதிரைத்திரன்’.
தட்டச்சுப் பிழை, போகட்டும்.
இரண்டாம் தாளிலும் அதே சின்ன ர.
மூன்றாவதைப் பிரிப்பதற்கு முன்பே
மேசைமேல் எனக்குக் கை வேர்த்துவிட்டது.

மூன்று ஊர், மூன்று கடை, மூன்று வரிப் பதிவு எண்,
றகரம் படிக்காத ஒரே ஆள்.

மேலாளர் சவரிராயன் கெட்டவர் அல்ல.
கண்ணாடியைக் கழற்றித் துடைத்தபடி கேட்டார்:
“விலை நியாயந்தானேம்மா?
மறு ஒப்பந்தப்புள்ளின்னா முப்பது நாள்.
அதுவரைக்கும் தெப்பம் காஞ்சு கெடந்தா
பாத்தியில எதை வாருறது, புழுதியையா?”

பதினோரு நாளாய்ப் பழைய மோட்டார்
சுருள் எரிந்து கொட்டகையில் கிடக்கிறது.
விலையும், பார்த்தால், நியாயம்தான்.
நியாயமான விலைக்கு எதற்கு மூன்று பெயர் என்று
நான் கேட்கவில்லை.

என் கை சுத்தம் என்றும் சொல்ல மாட்டேன்.
போன கோடையில் பாதம் வெடித்த பெண்களுக்கு
ரப்பர் காலணி வாங்க
ஒரே கொள்முதலை நாலு ரசீதாய் உடைத்தவள் நான்,
உச்சவரம்புக்குச் சற்றே கீழே, நாலு தேதிகளில்.
தணிக்கை அறிக்கையில் அது ஏழாம் பத்தி.
‘பிரித்து வாங்கியதற்கான காரணம் கூறுக.’
பதிலுக்கு இரண்டு அங்குலம் இடம் விட்டிருந்தார்கள்.
புண் என்று எழுதினேன்.
பத்தி இன்னும் நிலுவையில்.

ஒப்பீட்டுப் பட்டியலின் கடைசிக் கட்டத்தில்
‘மூன்றும் ஒருவருடையவை, நிராகரிக்கப் பரிந்துரை’
என்று எழுதிக் கையெழுத்திட்டேன்.
சவரிராயன் வெகுநேரம் பேனாவைத் திறந்து வைத்திருந்தார்.
பிறகு அவரும்.

மறுநாள் காலை
வாசல் சங்கிலிக்கு அந்தப் பக்கம் இருபது பேர்.
முன்னால் இருளாயி,
காலில் ஏழாம் பத்திக் காலணி.

“ஒரு எழுத்து தப்புன்னு மோட்டார நிப்பாட்டிட்டீகளாம்ல?”
ஆமாம் என்றேன். விளக்கத் தொடங்கினேன்.
“கூலிப் பட்டியல்ல எம்பேர
அஞ்சு வருசமா தப்பாத்தான் எழுதுறீக.
எம்மவ பாத்துச் சொன்னா.
அதுக்கு எதை நிப்பாட்டுனீக?”

பதிவேட்டைப் புரட்டினேன்.
இருலாயி. இருலாயி. இருலாயி.
பக்கத்துக்குப் பக்கம், மாதத்துக்கு மாதம்,
சாய்ந்த, அவசரமான கை.
வேறு யாருடையது,
கூலிப் பட்டியல் எழுதுவது நான்தான்.

வாடகைக்கு எடுக்க ஒரு சிறு வரம்பு உண்டு.
அதற்குள், உடைக்காமல், ஒரே ரசீதில்
சாயல்குடி இறால் பண்ணையிலிருந்து
டீசல் எஞ்சின் ஒன்று வந்தது.
இருமி இருமித்தான் இறைக்கிறது.
பத்துப் பாத்திக்கு நாலு நனைகிறது,
இருபது பேரில் எட்டுப் பேருக்கு வேலை.
எந்த எட்டு என்பதற்கு விதி இல்லை.
அவர்களே சீட்டுக் குலுக்கிக்கொண்டார்கள்.
இருளாயிக்கு விழவில்லை.

பதிவேட்டில் அழித்து எழுதக் கூடாது.
ஒற்றைக் கோடு, மேலே சரியான சொல், சுருக்கொப்பம், தேதி.
அறுபது மாதத்துக்கும் போட்டு முடிக்க
இரவு ஒன்பது ஆயிற்று.

நிராகரித்த காரணத்தை
எழுத்தில் தெரிவிக்க வேண்டும், அதுவும் விதி.
மூன்று முகவரிக்கும் பதிவுத் தபாலில் தெரிவித்தேன்,
பிழையை அடிக்கோடிட்டு.

அடுத்த முறை
மூன்று தாளிலும் றகரம் சரியாக இருக்கும்.