காலுக்குப் போடுவது

ஐந்து ரோட்டுக் கடையில் ரிஸ்வான்
நாலாவது மாடலையும் உருட்டிக்கொண்டு வருகிறான்.
மேட் பிளாக் சார், இப்ப எல்லாரும் இதுதான்.
தம்பி,
முப்பத்தோரு வருஷமாய்ச் செவ்வாய்ப்பேட்டையில்
வெள்ளிக் கொலுசுப் பட்டறை வைத்திருக்கிறேன்.
கறுப்பை எடுக்கத்தான் எனக்குக் கூலி.
பூந்திக்கொட்டைத் தண்ணீரில் ஊறி ஊறி
கைரேகையே பாதி போய்விட்டது.
கறுப்பாக்கித் தருகிறேன், ஆறு லட்சம் கொடு என்றால்
கை எப்படிப் பாக்கெட்டுக்குப் போகும்?

வண்டி வெளியே நிற்கிறது.
மஞ்சள். இத்தாலிக்காரன் செய்தது,
பெங்களூரில் இரண்டு பேர் ஓட்டிச் சலித்தது.
டவுன் பஸ் கண்டக்டர் பாதி உடம்பை வெளியே விட்டுப்
பார்த்துக்கொண்டே போகிறார்.

பழைய சக்கரம் மோசமில்லை. வார்ப்பு.
ஒன்றைக் கழற்றிப் பட்டறைத் தராசில் ஏற்றினேன்,
கட்டி வெள்ளி நிறுக்கிற பெரிய தராசில்.
பன்னிரண்டு கிலோ நானூறு.
குழந்தைவேலு சிரிப்பை அடக்கிக்கொண்டு கேட்டான்:
டச் எவ்வளவுங்க மொதலாளி?

ஃபோர்ஜ்டு என்றால் அடித்துச் செய்தது.
பார்க்க அதே கம்பீரம், எட்டே முக்கால் கிலோ.
எனக்கென்ன புதிதா?
கண்ணுக்கு நூறு கிராம், தராசில் அறுபது;
கல்யாணத்துக்குக் கொலுசெடுக்க வருகிற எல்லாரும் கேட்பது.
செய்து கொடுத்துவிட்டு, ஆள் படியிறங்கியதும்
உதட்டைச் சுழித்திருக்கிறேன்.
இன்றைக்கு மேஜைக்கு எதிர்ப்பக்கம் நான்,
ஒரு சக்கரத்தை இரண்டு கையாலும் ஏந்தி,
அட, லேசாக இருக்கிறதே என்று வாயைப் பிளந்துகொண்டு.

ஆஃப்செட் முப்பத்தெட்டு வேண்டாம் சார், நாற்பத்தைந்து போடுங்க.
ஏழு மில்லி வெளியே வந்தா மட்கார்டில் உரசும்.
உரசும். தெரியும்.
கணுக்கால் எலும்புக்குக் கீழே அரை விரற்கடை இறங்கிய கொலுசு
மூன்றாம் நாள் காகிதத்தில் சுற்றித் திரும்பி வரும்,
பெண்ணின் அப்பா கையில்.

ஐந்து கம்பி, பத்துக் கம்பி, வலைப்பின்னல்
மூன்றையும் படமெடுத்துப் பரிமளத்துக்கு அனுப்பினேன்.
நீல டிக் விழுந்தது. பதில் வந்தது:
வரும்போது தயிர்.

பத்துக் கம்பி. வெள்ளி நிறம்.
பூவேலை இல்லை, விளிம்பில் சிவப்புக் கோடு இல்லை.
ஐந்து எண்பதுக்கு முடிந்தது.
ரிஸ்வான் ஒவ்வொரு போல்ட்டாக
டார்க் ரென்ச் 'டிக்' என்னும்வரை முறுக்கினான்.
காது அவனுக்கு நன்றாக இருக்கிறது.
பட்டறைக்கு வருகிறாயா என்று கேட்க நினைத்து
கேட்கவில்லை.

மறுநாள் விடியுமுன் ஏற்காட்டுக்கு.
முதல் கொண்டை ஊசியிலேயே தெரிந்துவிட்டது,
நினைப்பதற்குள் திரும்புகிறது வண்டி.
நாலு சக்கரத்திலும் சேர்த்துப் பதினாலரை கிலோ குறைத்திருக்கிறேன்,
என் தொப்பையில் ஒரு கிலோ குறைக்காதவன்.
ஐந்து, ஆறு, ஏழு.
போர்டில் எண் வாசிக்க நேரமில்லை.

பதினாலில் எதிரே முதல் பஸ்.
வெளிச்சம் முழுக்க என் கண்ணில்.
இடது பக்கம் ஒதுங்கினேன்.
ஒரு சத்தம், நீளமாக.
அரம் இழுக்கிற சத்தம்.
அது எந்த ஊரில் கேட்டாலும் எனக்குத் தெரியும்.

ஏரிக்கரையில் நிறுத்திக் குனிந்தேன்.
முன்சக்கரம் இரண்டும் பிரேக் தூள் படிந்து
கறுக்கத் தொடங்கியிருந்தன.
ஆறு லட்சம் கேட்டானே, இருபது வளைவில் இலவசம்.
இடது விளிம்பில் சுண்டுவிரல் நீளத்துக்கு ஒரு கோடு,
உள்ளே உலோகம் பச்சையாகப் பளபளத்தது.
நகத்தை விட்டுப் பார்த்தேன். ஆழமில்லை.

பட்டறையில் தரைத் தூசியைக்கூடப் பெருக்கி உருக்குவோம்.
வாசல் சாக்கை மாசம் ஒருமுறை எரித்துச்
சாம்பலில் வெள்ளி தேடுவோம்.
மூன்று கிராம் போயிருக்கும். நாலுக்கு மேல் போகாது.

இறங்கும்போது பதினாலில் வேகத்தைக் குறைத்தேன்.
விடிந்திருந்தது.
அந்தக் கல்லின்மேல் ஒரு குரங்கு உட்கார்ந்து
எதையோ நகத்தால் சுரண்டிக்கொண்டிருந்தது.