எழுபது டன்

போர் நின்று ஒன்பது மாதம்.
லாட்வியாவின் இந்தக் கிழக்கோரத்தில் அது நடக்கவே இல்லை,
காற்று மட்டும்தான் கொண்டுவந்தது.
ஆனாலும் நாய்கள் இன்னும் இடிக்குக் குரைப்பதில்லை,
கட்டிலுக்கடியில் போய்விடுகின்றன.

ரீகாவிலிருந்து ஒரே உறையில் இரண்டு உத்தரவுகள்.
ரீத்துபே ஆற்றுப் பாலத்தை
நேசநாட்டு டாங்கிகளுக்காக
எழுபது டன் தாங்கும்படி வலுப்படுத்துக என்றது ஒன்று.
அதே பாலத்தின் இரண்டாம் தூணில்
வெடிமருந்து வைக்கப் பதினோரு துளைகள் இடுக என்றது மற்றது.
அதே கையொப்பம், அதே நீல மை.

வெல்கா ஸ்த்ரௌட்மனே
இருபது வருடமாகப் பாலங்களுக்கு நாடி பார்ப்பவள்.
எல்லை காக்கப் புறப்பட்ட அன்று அவள் சூடியது
நொச்சிப் பூவல்ல,
மஞ்சள் பிளாஸ்டிக் தலைக்கவசம்.

சோதனை நாளில் நான்கு நாட்டு வண்டிகள்
ஏறி வந்து நடுவில் நின்றன.
போலந்தின் டாங்கி,
ஸ்பெயினின் தண்ணீர் லாரி,
கனடாக்காரர்களின் பழுதுவண்டி,
கடைசியில் அல்பேனியாவின் சமையல் வண்டி,
அதிலிருந்து வெங்காயம் வதங்கும் வாசனை.
பாலத்துக்குக் கொடிகள் தெரியாது.
எடை தெரியும்.

அவள் கீழே சேற்றில் மல்லாந்து கிடந்து
அளவுமானியின் முள்ளைப் பார்த்தாள்.
நான்கு மில்லிமீட்டர் வளைந்தது.
வண்டிகள் இறங்க, முள் திரும்பியது.
முழுக்கத் திரும்பவில்லை.
கால் மில்லிமீட்டர் பாக்கி.
'ஏற்கத்தக்கது' என்று எழுதினாள்.

"ஒருவர் மேல் விழுந்த அடி எல்லார் மேலும் விழுந்த அடி."
லெப்டினன்ட் ஸ்கெர்டி லாட்விய மொழியில்
மனப்பாடமாகச் சொன்னான்,
சொல்லிவிட்டுத் தன் பூட்ஸைப் பார்த்தான்.
அவன் ஊரில்
வராத படைக்காகக் கட்டிய பதுங்குகுழிகளில்
இப்போது காளான் வளர்க்கிறார்களாம்.
"நல்ல காளான்" என்றான்.
அதைவிட நல்ல முடிவு ஒரு கோட்டைக்கு
அவளுக்கும் தோன்றவில்லை.

மறுநாள் துளைக்கும் எந்திரம் வந்தது.
ஐந்தாம் துளையில் சத்தம் நின்றபோது
மேலே டோனாட்ஸ்,
கைப்பிடிச் சுவரில் பால் கேனைச் சாய்த்துக்கொண்டு.
கிழக்குக் கரையில் எட்டு வீடுகள்.
ஆறுக்கும் எல்லைக்கும் நடுவே
மிஞ்சிப்போன ஒரு துண்டு நாடு.

"உதவி இந்தப் பாலத்தின் மேல்தானே வரும்?"
ஆமாம்.
"வராவிட்டால் பாலம் போய்விடும்?"
அவள் கையுறையைக் கழற்றினாள், மாட்டினாள்.
"அந்த ஒப்பந்தத்தில்
நாங்கள் ஆற்றின் எந்தப் பக்கம்?"

கோபமே இல்லை அவன் குரலில்.
பால் விலை கேட்பவன் போலக் கேட்டான்.
பதிலுக்கு நிற்கவும் இல்லை.

அறிக்கைப் படிவத்தில்
கான்கிரீட்டின் வயதுக்குக் கட்டம் இருந்தது,
துருவுக்கு, வெள்ளத்தின் உயரத்துக்கு,
பறவைக் கூடுகளுக்குக்கூட.
ஓரத்தில் அவளே எழுதினாள்:
கிழக்கே இருபத்திரண்டு பேர், ஒரு குதிரை.
'குறிப்பு பெறப்பட்டது' என்று பதில் வந்தது.

பனி உருகிய மாதம் மறு ஆய்வுக்குப் போனாள்.
பலகையில் எழுபது என்று புது வெள்ளை.
இரும்பு மூடிகள் பதினொன்றும் இறுக்கம்.
இரண்டாம் தூணின் மறைவில்
ஒரு படகு.
புதுத் தார் பூசியது,
தூணின் இரும்பு வளையத்தில் சங்கிலி,
உள்ளே நான்கு துடுப்பு, ஒரு குழந்தை மெத்தை.

தூணைச் சுற்றிப் பத்து மீட்டருக்கு
எதுவும் இருக்கக் கூடாது என்பது விதி.

சங்கிலியைக் கையால் இழுத்துப் பார்த்தாள்.
ஒரு கண்ணி துருவேறி இருந்தது.
பையிலிருந்து கிரீஸ் எடுத்துத் தடவினாள்.
பிறகு பேனாவைத் துடைத்துக்கொண்டு எழுதினாள்:
தூணருகே தடை ஏதும் இல்லை.