ஒரு தீவுக்கு இரண்டு ரூபாய்

காட்பாடியில் டயர் கடைக்கு மேலே எங்கள் அலுவலகம்.
சுட்ட ரப்பர் வாசனையில் உட்கார்ந்து
உலகத்து ஏரிகளுக்குக் கரை வரைகிறேன்.

விதி ஒன்றுதான்.
தண்ணீரை வலஞ்சுழியாக வரையவேண்டும்,
தீவை இடஞ்சுழியாக.
மாற்றிச் சுற்றினால் தீவு மூழ்கிவிடும்,
கோப்பில்தான்.
கோயிலில் இடம் சுற்றினால் தொடையில் கிள்ளுவார்கள்.
இங்கே மாதம் ஆறாயிரம் முறை சுற்றுகிறேன்,
கேட்க ஆளில்லை.

இந்த மாதம் எரிமலை ஏரிகள்.
கக்கி முடித்த மலை
தன் வயிற்றுக்குள்ளேயே இடிந்து விழுந்த குழி.
அதில் மழை.
மழைக்கு நடுவே மறுபடி முளைத்த கல்.

ஈக்வடாரில் ஒரே குழிக்குள் இரண்டு தீவுகள்,
பேச்சுவார்த்தை இல்லாத பங்காளிகள் மாதிரி
அருகருகே.
அமெரிக்காவில் ஒரு தீவின் உச்சியில்
தனியாக ஒரு குழி, அதில் சொட்டுத் தண்ணீர் இல்லை.
பார்த்ததும் நம்ம ஊர்க்காரன் என்று தோன்றியது.
சுமத்ராவில் தீவுக்குள்ளேயே ஊர்கள், நெல் வயல், பஸ் ரூட்.
ஒரு மதியம் முழுக்க ஓடியது அதன் ஓரம்.
அதற்கும் இரண்டு ரூபாய்தான்.

பிலிப்பைன்ஸில்
தீவுக்குள் ஏரி, ஏரிக்குள் தீவு,
அதற்குள் ஏரி, அதற்குள்
பல்லில் சிக்கிய எள்ளளவு பாறை.
இடம் வலம் இடம் வலம் இடம் என்று
மணிக்கட்டு கழன்றது.

சாயங்காலம் தேவசித்தம் வந்தார்.
"பழைய படம்மா அது. மலை வெடிச்சி
உள் ஏரி வத்திப் போச்சி. தீவை எடுத்துடு."
எடுத்தேன்.
பாறை என்ன ஆனதென்று புதுப் படத்தில் தேடினேன்.
சாம்பல்.
இரண்டு ரூபாயைப் பிடித்துக்கொண்டார்கள்.

ஞாயிற்றுக்கிழமை
முனிரத்தினம் பைக்கில் கூட்டிப்போனான்,
லத்தேரிக்கு அந்தாண்டை, தான் கம்ப்ரசர் ஓட்டிய கல்குவாரிக்கு.
கேஸ் நடக்கிறது.
மோட்டார் நின்று இரண்டு ஐப்பசி ஆயிற்று.
எண்பதடிப் பள்ளத்தில் பச்சைத் தண்ணீர்,
நடுவே ஒரு கல்.
விரிசல் ஓடியதால் விலை போகவில்லை,
ஜல்லிக்காவது ஆகட்டும் என்று
கடைசியில் குழி போட்டார்களாம்.

"அங்க பாரு, என் செருப்பு."

விசில் அடித்ததும் ஒற்றைக் காலோடு ஓடிவந்தவன்.
வெடிக்கும் முன்னால் தாசில்தார் ஜீப் வந்துவிட்டது.
இன்னும் கிடக்கிறது,
வலது கால் ரப்பர் செருப்பு, வார் மேலே பார்த்து.
பக்கத்தில்
எந்தக் கொக்கு கொண்டுவந்து போட்டதோ,
நாலு தாள் கோரை.

"அப்ப மருந்து?"
"உள்ளதான் கீது. நனஞ்சிருக்கும்."

நனைந்ததா இல்லையா என்பது
கல்லுக்குத்தான் தெரியும்.
வெயில் தண்ணீரில் பட்டு
பாறைச் சுவரெல்லாம் நெளிந்தது.

இத்தனை சின்ன ஏரியை
எங்கள் கோப்பு ஏற்காது.
விரலை நீட்டி, காற்றில்,
முதலில் தண்ணீரை வலஞ்சுழியாகச் சுற்றினேன்.
பிறகு கல்லை, இடமாக,
செருப்பையும் கோரையையும் மருந்தையும்
உள்ளே விட்டு,
மெதுவாக, எங்கேயும் இடித்துவிடாமல்.

"இன்னா, ஈ ஓட்டறியா?" என்றான்.