தராசில் ஒரு கட்டைவிரல்

ஏப்ரல் பதினாலாம் தேதி இரவு
அரராத் சமவெளியில் உறைபனி இறங்கியது.
தாழ்ந்த தோட்டங்களில் விடிய விடிய
வைக்கோலும் பழைய டயரும் எரித்தார்கள்.
காலையில் ஆப்ரிகாட் பூக்கள் எல்லாம்
தேநீர் வடிகட்டியில் தங்கிய சக்கை மாதிரி.

நான் பழம் வாங்குகிறவன்.
என் லாரி, என் தராசு, என் நோட்டு.
ஜூனில் வார்துஹியின் வாசலில் நின்று
முன்கூட்டிக் கொடுத்த முப்பது பெட்டிகளைத்
திருப்பிக் கேட்டேன்.
கழுவி, வெயிலில் கவிழ்த்து வைத்திருந்தாள்.
"இந்த வருஷம் கனி இல்லை, மன்வேல்" என்றாள்,
வீட்டில் உப்பு இல்லை என்பதைப் போல.
அவள் ரப்பர் பூட்ஸில் ஈரச் சேறு.
காய் இல்லாத மரத்துக்கு எவள் நீர் பாய்ச்சுவாள்?
கேட்கவில்லை.
பெட்டிகளை எண்ணினேன். சரியாக இருந்தது.

மேட்டுத் தோட்டம் கெகாமுடையது.
பனி மேட்டை விட்டுவிட்டது; பனிக்கு நியாயம் தெரியாது.
எல்லையில் நின்ற அவளுடைய அக்ரூட் மரத்தை
இரவோடு இரவாகச் சாய்த்தவன் அவன்.
பதினோரு வருஷம் பேச்சில்லை.
தேவாலயத்தில் அவள் இடது தூணோரம்,
அவன் வலது.
மே மாதம் அவனுக்கு இடுப்பு முறிந்தது.
ஆறு வாரம் யெரெவான் ஆஸ்பத்திரி.
மகன்கள் ரஷ்யாவில், சாரம் கட்டும் வேலையில்.

தண்ணீர் காணாத பழம் கோலிக்குண்டாகும்.
அவன் மரங்களிலோ
கிளைக்குக் கிளை முட்டுக் கொடுத்திருந்தது.

வாய்க்கால் காவலன் ரூபிக்தான் சொன்னான்:
நடுநிசி தாண்டி இரண்டு மணிக்கு
அவன் மடையை அவள் திறக்கிறாளாம்.
போதாத இரவுகளில் தன் முறையையும் தருகிறாளாம்.
மண்வெட்டியை ஊன்றிக்கொண்டு
ஏதோ முணுமுணுக்கிறாள்,
ஜெபமா திட்டா தெரியவில்லை என்றான்.
இரண்டும் இருக்கும் என்று நினைக்கிறேன்.

இதை இங்கேயே சொல்லிவிடுகிறேன்:
எடை போடும்போது என் கட்டைவிரல்
தட்டுக்கு அடியில் மெல்ல முட்டுக் கொடுக்கும்.
பெட்டிக்கு முந்நூறு கிராம்.
ஞாயிறுதோறும் அந்த விரலையும் சேர்த்துத்தான்
சிலுவை போட்டுக்கொள்கிறேன்.

கெகாமின் பழத்தை நிறுத்த அன்று
விரல் போகவில்லை.
அறுநூற்று நாற்பத்திரண்டு கிலோ.
பெயர் எழுத வேண்டிய கட்டத்தில் பேனா நின்றது.
கெகாம் என்றுதான் எழுதினேன்.
பணம் அவனுக்கு. அது சரி.
ஆனால் அந்தப் பழத்துக்குள் இருந்த நீர்
யார் கணக்கு?
என் நோட்டில் அதற்குக் கட்டம் இல்லை.
ஒன்றைப் பிட்டுத் தின்றேன்.
கொட்டையைச் சட்டைப்பையில் போட்டேன்,
எதற்கென்று தெரியாமல்.

திருந்திவிட்டேன் என்று சொன்னால் பொய்.
அடுத்த வாரம் வேறு கிராமத்தில்
விரல் பழைய இடத்துக்குத் தானாகப் போயிற்று.
சுட்டது போல இழுத்தேன்.
அதற்கடுத்த வாரம் இழுக்கவில்லை.
பிறகொரு நாள் இழுத்தேன்.
ஒட்டுக் கட்டுவது ஒரு காலை வேலைதான்.
அது பிடித்ததா என்று
தினமும் கட்டை அவிழ்த்துப் பார்ப்பவனுக்கு
மரம் கிடைப்பதில்லை.
ஆண்டவரே, நான் அவிழ்த்துப் பார்க்கிறவன்.

ஆகஸ்டில் திராட்சைக்கு ஆசீர்வாதம்.
அதுவரை எங்கள் ஊரில்
ஒரு திராட்சையும் வாய்க்குள் போகாது.
எல்லோரும் தட்டு நிறையக் குலைகளோடு வந்தார்கள்.
கெகாம் ஊன்றுகோலோடு, வலது தூணோரம்.
வார்துஹி வெறுங்கையோடு, இடது தூணோரம்,
அதே பூட்ஸ், துடைத்திருந்தாள்.
அவனுக்குத் தெரியுமா? எனக்குத் தெரியாது.
அன்றும் அவர்கள் பேசவில்லை.

தூபம் அடங்கியதும்
கெகாமின் பேத்தி குலையைப் பிய்த்து
வரிசையாகக் கொடுத்துக்கொண்டு வந்தாள்.
வார்துஹி இரண்டு வாங்கினாள்.
விதையைத் துப்பாமல் மென்றாள்.

அடுத்து நான்.
கையை நீட்டினேன்.
கட்டைவிரல்தான்
முதலில் கண்ணில் பட்டது.