எதிர்பாராதவை

சீ.ஆர். கொப்பியின் கடைசிப் பக்கத்தில் தொடங்கினோம்.
முன்பக்கமெல்லாம் சங்கத்தின் உரக் கணக்கு.
தவேந்திரன் பேனை பிடித்தான்.
முதல் வரியில் எழுதினான்: மணவறை.
நான் வெட்டிவிட்டு எழுதினேன்: கையில் உள்ளது.

கையில் உள்ளது ஆறு லட்சத்துப் பன்னிரண்டாயிரம்.
என் சீட்டு இரண்டரை.
மாசியில் வெட்டின நெல் ஒன்று எண்பது.
மிச்சம், அவன் பட்டறையில் இராவிரவாகக் கேற் ஒட்டிச் சேர்த்தது.
கண்ணெரிஞ்ச காசு என்பான்.

தாலிக்கொடியில் தகராறு.
ஒன்பது பவுணாவது போட்டால்தான் மரியாதை என்றது ஊர்.
மரியாதையின் அன்றைய விலையைக் கைபேசியில் பார்த்தான்,
பிறகு கைபேசியைக் கவிழ்த்து வைத்தான்.
அரைப் பவுண் தாலி, மஞ்சள் கயிறு.
எழுதிவிட்டு இருவரும் தேத்தண்ணி குடித்தோம்.

சூரிச்சிலிருந்து பிரதாபண்ணை எடுத்தார்.
"மண்டபம் நான் போடுறன், ட்ரோன் கமராவும் நான்.
நேரலை மட்டும் வேணும்.
பின்னுக்குப் பூ முழுக்க வெள்ளையா இருக்கோணும்,
இஞ்ச எல்லாரும் பாப்பினம்."
நன்றியண்ணை என்றேன்.
வரவில் எழுதவில்லை.
இனாம் மண்டபத்துக்கு ஏற்ற சேலை,
சேலைக்கு ஏற்ற நகை,
நகைக்கு ஏற்ற அடகு:
அந்தப் படிக்கட்டில் எத்தனையோ பேர்
என் மேசைக்கு இறங்கி வந்திருக்கிறார்கள்.

வைகாசி வேண்டாம். ஆவணி, அதுவும் புதன்.
உருத்திரபுரத்துக் கோயில் மடம் பாதி வாடகை.
கதிரை மாதர் சங்கத்தில், ஒன்று பத்து ரூபாய்,
கால் முறிந்தால் முழு விலை.
ஏழு கறியை ஐந்தாக்கினோம்.
அப்பளத்தை ஒரு கறியாக எண்ணலாமா என்று கேட்டதற்குச்
சமையல்காரர் பதிலே சொல்லவில்லை.
வீடியோ இல்லை. படம் அரை நாளைக்கு.
அட்டை நாற்பது,
மற்றவர்களுக்கு வட்ஸ்அப்.

பிறகு ஆட்கள்.
ஒரு சாப்பாடு அறுநூற்றைம்பது.
எண்ணி முடிய இருநூற்றேழு பேர்.
இருநூறில் நிறுத்தினால் நாலாயிரத்து ஐந்நூற்றைம்பது மிச்சம்.
ஏழு சாய்கோடு.
ஒருத்தி, பரந்தன் பஸ்ஸில் நாலு வருடம்
எனக்கு யன்னல் பக்கம் பிடித்துத் தந்தவள்.
ஒருவர், அவனுக்கு முதல் வெல்டிங் கண்ணாடியை
விலை சொல்லாமல் கொடுத்தவர்.
மற்ற ஐந்து பேரைச் சொல்லமாட்டேன்.
ஒவ்வொருவருக்கும் ஒரு காரணம் கண்டுபிடித்தோம்,
காரணத்துக்குச் செலவில்லை.

கல்யாணம் நடந்தது.
எதிர்பாராதவை என்று இருபதினாயிரம் வைத்திருந்தோம்.
ஜெனரேற்றருக்கு நாலாயிரம் போனது,
ஐயரின் மோட்டார் சைக்கிளுக்குப் பஞ்சர் ஒட்ட இருநூறு.
மழை வரவில்லை.

மறுநாள் என்வலப்புகளைப் பிரித்தோம்.
பெயர் பெயராக எழுதிக் கூட்ட
ஐந்நூறு ரூபாய் கூட நின்றது.
மூன்று தரம் கூட்டினேன். நின்றது.
அடியில், இரட்டைக்கோட்டுக் கொப்பித் தாளை மடித்து
சோற்றுப் பருக்கையால் ஒட்டிய ஒன்று.
பெயரில்லை.

வாசலில் நின்ற பொடியனைக் கேட்டோம்.
"ஆரோ குடுக்கச் சொல்லித் தந்தது.
சாப்பிடச் சொன்னன், பஸ்ஸுக்கு நேரமாம்."
ஆணா பெண்ணா?
"நான் ஐஸ்கிரீம் குடிச்சுக்கொண்டு நிண்டனான்."

"சாப்பாட்டுக் காசுக்கே நூற்றைம்பது குறையுது"
என்றான் தவேந்திரன்.
பகிடிதான்.
சிரிக்க முடியவில்லை இருவருக்கும்.

சாய்கோடுகளுக்குக் கீழே ஏழு பெயரும்
இன்னும் தெளிவாகவே தெரிந்தன.
அந்தத் தாளை ஒவ்வொரு பெயரின் மேலும் வைத்துப் பார்த்தேன்.
எல்லோருக்கும் பொருந்தியது.

பெயரில்லாமல் வரவு எழுத எனக்குத் தெரியாது.
புதுப் பக்கம் திருப்பினேன்:
ஞாயிறு. ஏழு வீடு. பலகாரப் பெட்டி ஏழு.
பெற்றோல் ஒரு லீற்றர்.

"ரெண்டு எண்டு போடு" என்றான்,
"கோணாவில் றோட்டு சரியில்ல."